பெங்களூர்ப் பிளேக்கும் டாக்டர் பல்ப்புவும்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1889-ஆம் ஆண்டில் எல். எம். எஸ். பட்டம் பெற்று வெளிவந்தார் பத்மநாபன் பல்ப்பு என்னும் இளைஞர். தம் சொந்த ஊராகிய திருவனந்தபுரத்தில் அரசாங்க வைத்தியராக அமர வேண்டும் என்பது அவர் விருப்பம். திருவிதாங்கூர் சமஸ்தானம் அவருக்கு இடந்தரவில்லை. அவர் ஈழவர் குலத்திற் பிறந்தவர் என்பதே காரணம். சில ஆண்டுகளுக்கு முன்னர், அதே சமஸ்தானத்தின் வைத்தியப் பள்ளிக்கான தேர்விலே தேறியிருந்தும் அவர் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவருடைய தமையனார் வேலாயுதன் பி. ஏ. பட்டம் பெற்றும் அங்கு வேலை கிடைக்காமல் சென்னை மாகாணப் பணியில் சேர நேர்ந்தது. தம்பிக்கும் அதே வழிதான் வாய்த்தது. சென்னையில் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையத்தில் சிறிது காலம் பணியாற்றிய டாக்டர் பல்ப்பு, அதன்பின் மைசூர் சமஸ்தானத்தின் பணியை ஏற்றுப் பெங்களூர் வந்து சேர்ந்தார். அவருடைய உழைப்பின் பெரும்பகுதி அந்நகரத்துக்கே உரியதாயிற்று.

டாக்டர் பல்ப்புவின் பெயரைக் கேரளத்தார் சமூகச் சீர்திருத்த வரலாற்றிலே வைத்துப் போற்றுவர். 1891-ஆம் ஆண்டின் மலையாளி விண்ணப்பத்தில் மூன்றாவதாகக் கையொப்பமிட்டவர் அவர். 1896-இல் 13,176 பேர் ஒப்பமிட்ட ஈழவர் விண்ணப்பத்தை முன்னின்று அளித்தவரும் அவரே. 1903-இல் ஸ்ரீ நாராயண குருவைத் தலைவராகக் கொண்டு எழுந்த ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்துக்கு அடிகோலியவர்களுள் ஒருவர். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. ஆயினும் அவர் நாள்தோறும் செய்துவந்த தொழில் பொதுச் சுகாதாரம் ஆகும். அதைப்பற்றி எழுதப்பட்டிருப்பது குறைவு. ஊர் ஊராகச் செல்லும் சுகாதாரப் பணியாளரும், பள்ளியில் பிள்ளைகளுக்கு உடல்நலம் கற்பிக்கும் ஆசிரியரும் அறிந்து பயன்பெறத் தக்க செய்திகள் அப்பகுதியிலேதான் மிகுதி.

அம்மைப்பால்

பிளேக் நோய்க்கு முன் பெங்களூரில் டாக்டர் பல்ப்புவின் பணி அம்மைப்பாலைச் சார்ந்தது. ஜென்னர் முறையில் அம்மை குத்துவது 1802-ஆம் ஆண்டிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு வேண்டிய மருந்தை நெடுங்காலம் ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்தே மற்றொரு குழந்தையின் கையில் வைத்தனர். ஒருவன் கையில் எழும்பிய கொப்புளத்தின் நீர் வேறொருவன் உடம்பில் செல்வதாயிற்றே! அக்குழந்தை எந்தச் சாதியைச் சேர்ந்தது என்ற கேள்வி உடனே எழுந்தது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்த பாலைத் தம் பிள்ளைக்கு வைக்க ஒப்பாத பெற்றோர் எங்கும் இருந்தனர். கொப்புளத்து நீரோடு வேறு நோய்களும் பரவும் என்ற அச்சத்திற்கு இடமிருந்தது. அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு.

கன்றின் உடலில் அம்மைப்பாலை வளர்க்கும் முறை இந்த இடரை நீக்கிற்று. கன்றின் வயிற்றுப்புறத்தை மழித்துக் கழுவி, தோலில் நுண்ணிய கீறல்களிட்டு, வித்துப்பாலைத் தடவுவர். ஏறக்குறைய ஐந்தாம் நாளில் அங்கு எழுந்த கொப்புளங்களைச் சுரண்டி எடுத்து அரைத்து, கிளிசரினுடன் கலந்து, சிறு கண்ணாடிக் குழாய்களில் அடைப்பர். கிளிசரின், பாலோடு கலந்துவரும் பிற கிருமிகளை நாளடைவில் அழித்துவிடும். அம்மைப்பாலின் ஆற்றல் மட்டும் எஞ்சி நிற்கும். இங்கிலாந்தில் 1891-ஆம் ஆண்டையொட்டிக் காப்மன் என்பவர் இம்முறையை விளக்கினார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த கர்னல் கிங்கும் அம்மைப்பாலைக் காக்கும் வழிகளை ஆராய்ந்தார். கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இம்மருந்துக்குப் பெரும்பகை வெயில். நிலையத்தில் நல்ல நிலையில் புறப்பட்ட குழாய், மாட்டு வண்டியில் இரண்டு நாள் சென்று கிராமத்தை அடையும்போது வெறும் நீராகிவிடக்கூடும். அதை அறியாமல் குத்திவிட்டு, ‘பால் பிடிக்கவில்லை’ என்று குழந்தையின் உடம்பைக் குறைகூறிய அம்மை குத்துநர் பலர் இருந்திருப்பர். கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் குளிர்ந்த காற்றுடன் விளங்கிய பெங்களூர், இத்தொழிலுக்கு இயற்கையாகவே ஏற்ற இடமாயிருந்தது. இன்று தடுப்பு மருந்துகளைக் குளிர்ப்பெட்டியில் ஏந்திச் செல்லும் பணியாளர், அந்நாளைய அம்மை குத்துநரின் இடரை எளிதில் உணர்வர்.

டாக்டர் பல்ப்புவின் வீடு அக்காலத்தில் மலையாள நாட்டு மாணவர்க்கு ஒரு புகலிடமாக இருந்தது. பிற்காலத்தில் மகாகவி எனப் புகழ்பெற்ற குமாரன் ஆசான் 1895-ஆம் ஆண்டில் பெங்களூர் வந்து, அவர் இல்லத்தில் தங்கி, ஸ்ரீ சாமராஜேந்திர சமஸ்கிருதக் கல்லூரியில் நியாய சாஸ்திரம் பயின்றார். 1898-இல் படிப்பு முடிவடையுமுன்பே அவர் நகரைவிட்டுச் செல்ல நேர்ந்தது. காரணம், பிளேக்.

ரெயிலேறி வந்த நோய்

1894-ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரைத் தாக்கிய பிளேக், 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்விப் பகுதியில் தலைகாட்டிற்று. அங்கு அதனை முதலில் இனங்கண்டவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்ற இந்திய வைத்தியர். பம்பாயிலிருந்து புனா, தார்வார், ஹூப்ளி என்று ரெயில் பாதையை ஒட்டியே நோய் தெற்கு நோக்கி நகர்ந்தது. 1898 ஆகஸ்ட் மாதத்தில் பெங்களூரை எட்டியது.

நகரம் அப்பொழுது இரண்டு ஆட்சிகளின் கீழ் இருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பழைய பேட்டை மைசூர் அரசாங்கத்தைச் சேர்ந்தது. தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்த தண்டுப் பகுதி பிரிட்டிஷ் ரெசிடெண்டின் பொறுப்பில் இருந்தது. எலிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இந்த எல்லை தெரியாது. மைசூர்த் திவானாக இருந்தவர் பாலக்காட்டுச் சீமையிற் பிறந்த சர் கே. சேஷாத்திரி ஐயர். பிளேக் ஆணையராக நியமிக்கப்பட்டவர் கும்பகோணத்திற் பிறந்த வி. பி. மாதவ ராவ். பிளேக் முகாம்களின் மேற்பார்வை, திருவிதாங்கூர் ஏற்க மறுத்த டாக்டர் பல்ப்புவிடம் ஒப்படைக்கப்பட்டது. அயலூரார்க்கே பதவிகள் செல்கின்றன என்று மைசூரார் குறைகூறி வந்த காலம் அது. திருவிதாங்கூரில் அதே குறையைச் சொல்லும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட டாக்டர், மைசூரில் தாமே அயலூராராக நின்றார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

பிளேக் முகாம் என்றால் என்ன? ஊருக்கு வெளியே திறந்த வெளியில் மூங்கிலும் கீற்றும் கொண்டு அமைத்த குடிசைகளின் வரிசை. நோயாளிகளுக்கு ஒன்று, நோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தோருக்கு மற்றொன்று, ஊரைவிட்டு வெளியேறியோருக்கு வேறொன்று. கடும் காய்ச்சல், தள்ளாட்டம், அக்குளிலோ தொடையிடுக்கிலோ தோன்றும் நெறிக்கட்டு, பிதற்றல், சில நாட்களில் சாவு என்று நோய் விரைந்து முடியும். அதற்கெனத் தனி மருந்து அன்று இல்லை. இதயத்துக்கு ஊக்கமளிக்கும் மருந்து, குளிர்ந்த ஒத்தடம், கஞ்சி, தண்ணீர் ஆகியவையே வைத்தியம். நோயாளியை அருகிருந்து பேணுவோர் கிடைப்பதோ அரிதினும் அரிது. உறவினரே அஞ்சி அகன்ற இடத்தில், சில வைத்தியர்களும் சிப்பந்திகளும் தங்கிப் பணிபுரிந்தனர். தீண்டத்தகாதவர் என்று சொந்த ஊரில் விலக்கப்பட்டவர், பிறர் தீண்ட அஞ்சிய உடல்களைத் தொட்டு நாடி பார்த்தார்.

மக்கள் முகாமை விரும்பினர் என்று எண்ணலாகாது. 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் அதிகாரிகளுக்கு வீட்டினுட் புகவும், நோயாளியைப் பிரித்தெடுக்கவும், பொருள்களை எரிக்கவும் உரிமை அளித்திருந்தது. புனாவில் படைவீரர்களைக் கொண்டு வீடுகளைச் சோதித்ததன் விளைவாக, 1897 ஜூன் 22-ஆம் நாள் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். மைசூர்ச் சீமையிலும், ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாமில் 1898-இல் பிளேக் விதிகளை எதிர்த்துக் கலகம் மூண்டது. நோயாளியைப் பரணில் ஒளித்தல், பிணத்தை இரவோடிரவாகப் புதைத்தல், வேறு நோயென்று பொய்யுரைத்தல் ஆகியவை எங்கும் நிகழ்ந்தன. இதை மக்களின் அறியாமை என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது முறையன்று. கதவைத் தட்டுபவன் வீட்டுக்குடையவனுக்கு யாராகத் தோன்றினான் என்பதையும் கருதவேண்டும்.

அறியாமற் செய்த நன்மை

வைத்தியருக்கே அன்று பாதி உண்மைதான் தெரிந்திருந்தது. 1894-இல் யெர்சின் நோய்க்கிருமியைக் கண்டார். அக்கிருமி மனிதனை எவ்வழியாக அடைகிறது என்பது விளங்கவில்லை. தரையிலிருந்தும், அழுக்கிலிருந்தும், நச்சுக்காற்றிலிருந்தும் வருவதாகப் பலரும் கருதினர். ஆகவே தரையில் கார்பாலிக் அமிலம் தெளித்தனர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர். சில நகரங்களில் வெயில் உட்புகும்படி கூரை ஓடுகளையும் பிரித்தனர். பெங்களூரைப் பிளேக் அடைந்த அதே 1898-ஆம் ஆண்டில், கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர், எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கொண்டுசெல்வது என்று சோதனையால் காட்டினார். அவரை நம்பியோர் சிலரே. 1905-இல் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் பம்பாயில் சோதனைகளைத் திரும்பச் செய்த பின்னரே உலகம் அதை ஏற்றது.

இந்த அறிவுடன் திரும்பி நோக்கினால், 1898-இல் செய்தவற்றுள் எது பயன் தந்தது, எது வீணாயிற்று என்பது தெளிவாகிறது. தரையில் தெளித்த மருந்து தெள்ளுப்பூச்சியை அதிகம் தொடவில்லை. எலிகளைக் கலைத்து அடுத்த வீட்டுக்கு விரட்டியதும் உண்டு. மாறாக, குடும்பத்தையே எலி மலிந்த வீட்டிலிருந்து வெளியேற்றித் திறந்த வெளியில் குடியமர்த்தியது உண்மையாகவே உயிர்களைக் காத்தது. மனிதர் விலகினர், பசித்த பூச்சிகள் வெற்று வீட்டில் மடிந்தன. குமாயூன் மலைநாட்டு மக்கள் எலிகள் செத்து வீழ்ந்தவுடன் ஊரைக் காலிசெய்யும் வழக்கத்தை நெடுநாளாகவே கைக்கொண்டிருந்தனர். அவர்களுக்குக் கிருமியும் தெரியாது, பூச்சியும் தெரியாது.

மற்றொரு கருவி ஹாப்கின் கண்ட தடுப்பு ஊசி. 1897 ஜனவரி 10-ஆம் நாள் பம்பாயில் அவர் அதைத் தம் உடம்பிலேயே முதலில் குத்திக்கொண்டார். ஹூப்ளியில் 1898-இல் பல்லாயிரவர் ஊசி குத்திக்கொண்டனர். ஆனால் 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்டோருள் 19 பேர் வில்வாத ஜன்னியால் மாண்டனர். ஹாப்கின் மீது பழி சுமத்தப்பட்டது. குற்றம் தடுப்பு மருந்தின் முறையில் இல்லை என்று பின்னரே தெளிவாயிற்று. ஒரு புட்டியின் கேடு, ஒரு மாகாணத்தின் நம்பிக்கையைப் பல்லாண்டு குலைத்தது.

பெங்களூர் நகரின் உருவத்தையே பிளேக் மாற்றியமைத்தது. நோய்ச் செய்தி விரைவில் எட்டுவதற்காகத் தொலைபேசிக் கம்பிகள் இழுக்கப்பட்டன. நெருக்கமான பேட்டைக்கு மாற்றாக மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களுடன் வளர்ந்தன. விக்டோரியா மருத்துவமனையை 1900-இல் கர்சன் பிரபு திறந்துவைத்தார். தண்டுப் பகுதியில், எலி புகாத வீடுகள் என்னும் கருத்தை முன்னிட்டுப் பிரேசர் டவுன் அமைக்கப்பட்டது. மக்களோ தம் வழியில் பிளேக் மாரியம்மனுக்குக் கோவில் எழுப்பினர். அக்கோவில்களில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

டாக்டர் பல்ப்பு, மைசூர் அரசாங்கத்தின் சார்பில் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் பொதுச் சுகாதாரப் பட்டயம் பெற்றுத் திரும்பி, பெங்களூர் நகரத்தின் சுகாதார அதிகாரியாக விளங்கினார். குழாய் நீர், சாக்கடை, கசாப்புக் கடை, பால் விற்பனை, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவை இத்தகைய அதிகாரியின் அன்றாடக் கவலைகள். அவற்றில் வீரச்செயல் எதுவும் இல்லை. ஆனால் அவை ஒரு வாரம் தவறினால் ஊர் அறிந்துவிடும். அவருடைய மகன் நடராஜன், நடராஜ குரு என்ற பெயரில் நாராயண குருகுலத்தை நிறுவினார். மைசூரின் பிளேக் ஆணையராயிருந்த மாதவ ராவ் 1904-இல் திருவிதாங்கூர்த் திவானாகச் சென்றார்; ஸ்ரீ மூலம் பிரஜா சபை அவர் காலத்தில்தான் தோன்றியது. டாக்டர் பல்ப்பு 1950 ஜனவரி 25-ஆம் நாள் காலமானார். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவைக் கொண்ட அரசியல் சட்டம் மறுநாள் நடைமுறைக்கு வந்தது.

தொண்டரின் கை

வைத்தியர் ஒருவர் முகாமை நடத்த இயலும். அவர் ஒருவராலேயே நூறு நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுக்க இயலாது. இங்குதான் பயிற்சி பெற்ற தொண்டர் தேவைப்படுகிறார்.

வைத்தியரல்லாத பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிக்கும் வழக்கம் மிகப் பழையதன்று. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் 1877-இல் இங்கிலாந்தில் தோன்றியது. மறு ஆண்டில் வுல்விச் என்ற இடத்தில் பீட்டர் ஷெப்பர்டு என்ற படை வைத்தியர், பிரான்சிஸ் டங்கன் என்ற அதிகாரியுடன் சேர்ந்து பொதுமக்களுக்கான வகுப்புகளைத் தொடங்கினார். அவ்வகுப்புகள் தொடங்கிய சில மாதங்களிலேயே, 1879 ஜனவரியில், ஷெப்பர்டு தென்னாப்பிரிக்கப் போர்க்களத்தில் கொல்லப்பட்டார்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே தென்னாப்பிரிக்காவில், காந்தியடிகள் 1899-இல் ஏறக்குறைய 1,100 இந்தியரைக் கொண்ட ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். அவர்களுள் 800 பேர் வரை ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளுள் தமிழரும் தெலுங்கரும் மிகுதி என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. டாக்டர் பூத் என்ற பாதிரியார் அவர்களுக்குப் பயிற்சியளித்தார். காயமுற்றோரைத் தூக்குக் கட்டிலில் ஏந்தி ஒரு நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்தனர். 1904-இல் ஜொகானஸ்பர்க் நகரத்து இந்தியச் சேரியில் நுரையீரல் பிளேக் தோன்றியபோது, ஒரு காலி வீட்டின் பூட்டை உடைத்து நோயாளிகளை அதில் கிடத்தி, காந்தியடிகளும் அவர் நண்பர்களும் இராமுழுதும் விழித்துப் பணிசெய்தனர். டாக்டர் காட்ஃபிரி என்ற இந்திய வைத்தியர் உடனிருந்தார். நோயாளிகளுள் மிகச் சிலரே பிழைத்தனர். நகராட்சி அனுப்பிய செவிலி நோய் தொற்றி மாண்டார்.

இந்தியாவில் செயின்ட் ஜான் சங்கத்தின் வகுப்புகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாயின. ரெயில்வே ஊழியரும் போலீசாரும் பலவாகச் சேர்ந்தனர். 1920-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் அமைந்தது. பள்ளிகளில் இயங்கும் ஜூனியர் ரெட் கிராஸ் அதன் கிளையே. கட்டுக் கட்டவும் தூக்குக் கட்டிலைத் தூக்கவும் பழகிய மாணவன், தொற்றுநோய்க் காலத்திலும் பயன்படுவான் என்பது பல பள்ளிகளில் மறக்கப்படுகிறது. முதலுதவி வகுப்பு, முறிந்த கையோடும் பாம்புக்கடியோடும் நின்றுவிடுகிறது.

பிளேக் முற்றும் ஒழிந்த நோயன்று. 1994-இல் சூரத் நகரில் அது தோன்றியபோது மக்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினர். தனியார் வைத்தியர் பலரும் மருத்துவமனைகளை மூடிவிட்டுச் சென்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. 2002-இல் இமாசலப் பிரதேசத்தில் ஒரு சிறு பரவல் நிகழ்ந்தது. கோலார், ஓசூர், சித்தூர் ஆகியவை சந்திக்கும் எல்லைப்புறத்துக் காட்டெலிகளிடையே கிருமி தங்கியிருக்கக்கூடும் என்பதால், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு நெடுங்காலம் கண்காணிப்பு நடந்துவந்தது. சிகிச்சையின்றி விட்டால் நெறிக்கட்டுப் பிளேக் கண்டோருள் நூற்றுக்கு 30 முதல் 60 பேர் வரை இறப்பர். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்துகளை முதல் நாளிலேயே கொடுக்கத் தொடங்கினால் பெரும்பாலோர் பிழைப்பர். டாக்டர் பல்ப்புவின் முகாமில் இல்லாதிருந்தது இதுவே.

கிராமத்தில் எலிகள் காரணமின்றிப் பகலில் வெளிவந்து தள்ளாடி வீழ்ந்தால், மனிதர்க்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருத்தல் கூடாது. அன்றே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும். செத்த எலியைக் கையால் தொடுதல் ஆகாது. உடல் குளிர்ந்தவுடன் தெள்ளுப்பூச்சிகள் அதைவிட்டு வெளியேறி, அருகில் வெப்பமான உடல் எதுவோ அதை நாடும். சிறுவர்கள் எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எறிவது மிகப் பெரிய தீங்கு. காய்ச்சலும் நெறிக்கட்டும் கண்டவரை எழுப்பி உட்கார வைப்பதும், நடத்திக்கொண்டு செல்வதும் தவறு. இந்நோயில் இதயம் நலிந்திருக்கும். எழுந்து நின்ற மாத்திரத்தில் உயிர் பிரிந்ததைப் பழைய வைத்தியர் பலர் பதிந்துள்ளனர். படுத்த நிலையிலேயே கட்டிலோடு தூக்கிச் செல்க. நெறிக்கட்டைக் கீறவோ அழுத்தித் தேய்க்கவோ கூடாது. இருமல் இருப்பின் நோயாளியின் வாயையும் மூக்கையும் துணியால் மூடி, தொண்டரும் முகமூடி அணிந்துகொள்ள வேண்டும். உடனிருந்தோர் அனைவரும் வைத்தியர் சொற்படி தடுப்பு மருந்து உண்ண வேண்டும்.

எலியைக் கொல்லும் ஆர்வத்தில் ஊரார் முதலில் நஞ்சு வைக்க விரைவர். அதைத் தடுத்து நிறுத்துவது பணியாளரின் கடமை. வளைகளிலும் வீட்டு மூலைகளிலும் பூச்சிக்கொல்லித் தூளைத் தூவித் தெள்ளுப்பூச்சிகளை முதலில் அழிக்க வேண்டும். எலிக்கு நஞ்சு வைப்பது அதன் பின்னரே. இவ்வரிசை மாறினால், இறந்த எலிகளின் பூச்சிகளெல்லாம் அவ்வீட்டில் உறங்குவோரைத் தேடி வரும்.